ஆதுலர்சாலைக் கணக்கும் ஊரார் உரிமையும்

பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்றுகூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் உளது. இன்று அது காஞ்சிபுர மாவட்டத்துக்கு உட்பட்டதாயினும், 1997-ஆம் ஆண்டில் பழைய ஜில்லா பிரிக்கப்படும் வரை செங்கற்பட்டுச் சீமையின் பகுதியாகவே இருந்தமையின், அதனை நம் நாட்டு ஊரென்று கூறுதல் தவறன்று. அவ்வூரில் எழுந்தருளியுள்ள வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழனது ஐந்தாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற நெடிய சாஸனம் ஒன்று காணப்படுகின்றது. அது கி.பி. 1068-ஐ ஒட்டிய காலத்தது. 1915-ல் சாஸன இலாகாவினர் அதனைப் படியெடுத்தனர், பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராபியா இண்டிகா'வின் 21-ஆம் தொகுதியில் அதனைப் பதிப்பித்து விளக்கமும் எழுதினார். பெருமாளைச் சேவிக்கச் செல்லும் நம்மவர் பலர் அச்சுவரைச் சுற்றி வலம் வருவரேயன்றி, அதன்கண் எழுதியிருப்பது யாதென வினவுவதில்லை. எழுதியிருப்பவற்றுள் ஒரு பகுதி ஓர் ஆஸ்பத்திரியின் செலவுக் கணக்கு.

அரசனுடைய மெய்க்கீர்த்தி முடிந்தபின், வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக்கொண்டு கோயிலுக்கும், அங்கு நடைபெற்ற வேதபாடசாலைக்கும், மாணாக்கர் விடுதிக்கும், 'வீரசோழன்' எனப் பெயரிய ஆதுலர்சாலைக்கும் ஆண்டுதோறும் இன்னதற்கு இவ்வளவு என்று நிவந்தம் வகுக்கப்படுகின்றது. ஆதுலர் என்பார் நோயுற்றோர். ஆதுலர்சாலை என்பது அவர்கள் தங்கிச் சிகிச்சை பெறுமிடம். அதில் 15 படுக்கைகள் இருந்தன. படுத்திருப்பார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் வைத்தியனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுத்துக் கட்டும் சிகிச்சை, செய்வானுக்கு 30 கலம். மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து செய்யும் இருவர்க்கு 60 கலம். நோயாளரைப் பேணி மருந்து கொடுக்கும் பெண்டிர் இருவர்க்கு 30 கலம். நாவிதன் ஒருவனுக்கு 15 கலம். நீர் கொணர்வானுக்கு 15 கலம். மருந்துச் சரக்கு வாங்க 40 காசு. ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் சற்றொப்ப இருபதின் பெயர்கள் வரிசையாக வருகின்றன: வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாணலவணம் என்பன அவற்றுட் சில. தைலங்களையும் கிருதங்களையும் முகத்தலளவையாலும், மாத்திரைகளை எண்ணிக்கையாலும் கணக்கிட்டிருக்கின்றனர்.

இரவில் விளக்கெரிக்க ஆண்டுக்கு 45 நாழி எண்ணெய் என்பது அக்கணக்கின் ஒரு வரி. நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 360 நாளாகக் கொண்டால், நாளொன்றுக்கு நாழியில் எட்டிலொரு பங்கு, அதாவது சரியாக ஓர் ஆழாக்கு, வருகின்றது. ஓர் இரவுக்கு ஓர் ஆழாக்கு எண்ணெய் என்று முதலில் நிச்சயித்துக்கொண்டே அவர்கள் ஆண்டுத் தொகையை ஏற்றியிருக்கவேண்டும். அரிசியையும் அவ்வாறே பார்க்கலாம்: 15 பேருக்கு 360 நாளைக்கு 5,400 நாழி, கலத்துக்கு 96 நாழியாக 56 கலமும் 3 குறுணியும். கோயில், பாடசாலை, விடுதி, ஆதுலர்சாலை அனைத்துக்குமான மொத்தச் செலவு 3,243 கலத்துக்குச் சிறிது மேற்பட்ட நெல்லும் 216½ காசும் என்று கூட்டியும் வைத்திருக்கின்றனர். மாணாக்கர் எண்ணெய் தேய்த்து முழுக ஆண்டில் 51 சனிக்கிழமைகள் என்று எண்ணி எண்ணெய் ஒதுக்கிய கணக்கர்களுடைய கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை என்க.

இதனைக் கூறுங்கால், நம் மருத்துவ குலத்தாராகிய வாசகர் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. வைத்தியனுக்கு 90 கலமாக, நாவிதனுக்கு 15 கலமாயிற்று. ஆறிலொரு பங்கு, அதுவும் நீர் கொணர்வானோடு ஒருநிறையாக. நம் குலத்தார் தென்னாட்டில் மயிர்வினையோடு கட்டு, புண், பேறுகாலம் ஆகிய மூன்றையும் கையாண்டு வந்தனர் என்பதும், நம் குலப் பெண்டிர் மருத்துவச்சி என்னும் பெயராலேயே ஊர்தோறும் அறியப்பட்டனர் என்பதும் யாவரும் அறிந்தவை. சல்லியக்கிரியை செய்தவனும் நம் குலத்தவனே என்று சிலர் எழுதுவதுண்டு. அவன் இன்ன குலத்தானென்று துணிதற்குச் சான்று இன்மையின், அவ்வுரிமையை நாம் கொண்டாட மாட்டோம். வைத்தியனுடைய ஊரும் தந்தை பெயரும் தன் பெயரும் கல்லில் நிற்கின்றன. அறுத்துக் கட்டியவனுக்கும், நோயாளர் தலைமாட்டில் இருந்த இரு பெண்டிர்க்கும், நாவிதனுக்கும் பெயரில்லை. ஆயினும் அவர்கள் கூலி எழுதப்பட்டது. எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் மருத்துவச்சியர் ஒருவருடைய கூலி எந்தப் பொதுக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது என்று தேடினால், ஓர் ஊரிலேனும் காண்பது அரிது. 1926-ஆம் ஆண்டின் நர்ஸுகள் மருத்துவச்சிகள் சட்டம் பதிவேட்டைத் தொடங்கியபோது, அதில் இடம்பெறுதற்கு வேண்டிய பரீட்சையும் படிப்பும் நம் பாட்டிமாரிடம் இல்லை. பேறு பார்க்கும் தொழில் பாதுகாப்பானவர் கைக்கு மாறியது நன்றே. மாறியவிதத்தில் அவர்களை எண்ணாது விட்டது நன்றன்று. இது வேறொரு கட்டுரைக்குரிய பொருளாகலின் இவ்வளவில் நிறுத்துவோம்.

திருமுக்கூடற் கல்வெட்டை வியப்பவர்கள் பெரும்பாலும் அதன் பழைமையை வியக்கின்றனர். நாம் வியப்பது வேறு. அக்கணக்கு அரண்மனைக் கருவூலத்தில் ஓலையாக மட்டும் கிடக்கவில்லை. பொருள் கொடுத்த நாட்டாரும், சிகிச்சை பெற வந்தாரும், வேலை செய்தாரும் நடமாடும் கோயிலின் சுவரில், அவர்கள் பேசிய தமிழில் வெட்டப்பட்டது. எழுத்தறியாதவன் எழுத்தறிந்தவனை அழைத்துவந்து படிக்கச் சொல்லலாம். எனக்கு ஒரு நாழி அரிசியென்று எழுதியிருக்க, நீ அரை நாழி அளப்பதென்னை என்று படுக்கையிற் கிடந்தவன் கேட்கலாம். கேட்டானா என்பது வேறு. கேட்பதற்கு ஆதாரம் சுவரில் இருந்தது. இச்சாலை அக்காலத்துத் தனிப்பட்டதொரு புதுமையுமன்று. தஞ்சையிற் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை என்பதொன்று இருந்ததும், அதற்கு இராசராசன் தமக்கை குந்தவையார் நிவந்தம் அளித்ததும் கல்வெட்டாலேயே அறியப்படும்.

அவ்வாறாயினும், அக்கல்லைப் புகழ்ந்து அமைதியடைவது நமக்கு உடன்பாடன்று. அது செய்யவேண்டிய செலவைக் கூறுகின்றது. செய்த செலவைக் கூறவில்லை. ஓராண்டில் எத்தனைபேர் அப்பதினைந்து படுக்கைகளிற் கிடந்தனர், எத்தனைபேர் எழுந்து நடந்து சென்றனர், எத்தனைபேரைப் பாலாற்றங்கரைக்குத் தூக்கிச்சென்றனர் என்னும் செய்தி அதன்கண் ஒரு வரியும் இல்லை.

செலவிட்டவரைக் கணக்குக் கேட்கும் முறையை அறியவேண்டின், திருமுக்கூடலிலிருந்து தெற்கே உத்தரமேரூருக்குச் செல்லவேண்டும். அங்கு வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுச் சாஸனங்கள் இரண்டு உள்ளன. குடவோலை முறையைப் பற்றி அவை கூறுவனவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தேர்தற் பெருமை பேசும் மேடைகளில் விடுபட்டுப்போவது, அவற்றுள் நமக்கு வேண்டிய பகுதி. முன்னர் எவ்வகை வாரியத்திலேனும் இருந்து கணக்குக் காட்டாது சென்றவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் பெயரை மட்டுமன்று. அவன் தந்தை, மகன், உடன்பிறந்தார், சிறியதாய் பெரியதாய் மக்கள் என்று உறவுமுறைகளை வரிசைப்படுத்தி, அவர்கள் பெயரையும் இடலாகாது என்று விலக்கியிருக்கின்றனர். கணக்கெழுதுவோனுக்கும் தனி விதி உண்டு. தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் தானே காட்டி, சுத்தன் என்று பெயர்பெற்ற பின்னரே மறுபடி அவ்வேலைக்கு வரலாம். ஒருவன் எழுதிய கணக்கை மற்றொருவன் புகுந்து முடித்துவைத்தல் ஆகாது. இந்நாளில் இடமாற்றம் என்னும் ஒரு சொல்லால் எத்தனை கணக்குகள் மற்றொருவர் தலையிற் கட்டப்படுகின்றன என்பதை உத்தியோகஸ்தர்களாகிய நம் அன்பர்கள் அறிவர்.

அச்சபை வேதம் வல்ல அந்தணர் சபை. நம்மவர் ஓலை அக்குடத்தில் விழுந்ததில்லை, விழ இடமுமில்லை. கணக்குக் காட்டாதவனை விலக்கிய அவ்விதி நல்ல விதி. அதனை நடத்தினோர் வட்டம் குறுகியது. இரண்டையும் ஒருங்கே கூறுவதே உண்மை.

வெள்ளையர் காலத்துக்கு வருவோம். 1871-ஆம் ஆண்டின் லோகல் பண்டு சட்டத்தின் வழியாக, நாட்டுப்புறங்களில் சாலை, பள்ளி, வைத்தியசாலை ஆகியவற்றுக்குக் குடிகளிடமே வரி வாங்கும் முறை சென்னை ராஜதானியில் வேரூன்றியது. 1884-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் ஏற்பட்டன. நில வரியோடு ரூபாய்க்கு ஓரணா வரை மேல்வரி செலுத்தியவன் செங்கற்பட்டுக் குடியானவன். அவ்வோரணாவிலிருந்தே ஊர் டிஸ்பென்ஸரியின் மருந்துக் குப்பி நிறைந்தது. கணக்கு இல்லாமற்போயிற்றா? போகவில்லை. சிவில் ஆஸ்பத்திரிகள், டிஸ்பென்ஸரிகள் பற்றிய ஆண்டறிக்கை சென்னையில் அச்சாகிக்கொண்டிருந்தது. படுக்கை எத்தனை, உள்நோயாளர் எத்தனை, வெளிநோயாளர் எத்தனை, குணமானோர், நோய் தணிந்தோர், மற்றவாறு சென்றோர், இறந்தோர் எத்தனை, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கட்டங்கட்டமாக அதிற் காணலாம். திருமுக்கூடற் கல் கூறாத பயன் இவ்வறிக்கையில் வந்துவிட்டது. ஆனால் அஃது ஆங்கிலத்தில் இருந்தது. ஓரணாக் கொடுத்தவனுடைய ஊர்ச் சாவடிக்கு அதன் ஒரு பிரதியும் வரவில்லை. வந்திருப்பினும் அவனால் வாசிக்கவியலாது. சோழன் கல்லில் மொழி உண்டு, பயன் இல்லை. வெள்ளையன் காகிதத்தில் பயன் உண்டு, மொழி இல்லை.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் மருத்துவ இலாகா மந்திரிகள் கைக்கு மாறியது. 1924-ல் பனகால் அரசர் மந்திரி சபை, சிற்றூர்களில் வைத்தியர் குடியேறித் தொழில் நடத்துதற்கு உதவிப் பணம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஜில்லா போர்டுகளில் வாய்வல்லார் சிலர், இன்ன டிஸ்பென்ஸரியில் மருந்தில்லை, இன்ன டாக்டர் ஊரில் தங்குவதில்லை என்று கேள்வி போடத் தலைப்பட்டனர். குறையுடையதாயினும் அது ஓர் அவை. கேட்டவன் உள்ளூரான், விடைகூறவேண்டியவனும் உள்ளூரான். 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின் பின்னர் ஜில்லா போர்டுகள் மறைந்தன. பெரிய வைத்தியசாலைகள் ராஜாங்கத்தின் நேர்ப்பொறுப்பாயின. பணமும் டாக்டர்களும் பெருகினர். 1965-ல் செங்கற்பட்டில் மருத்துவக் கல்லூரியே ஏற்பட்டது. ஆனால் கேட்கும் அவை ஊரைவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. இவ்வட்டாரத்தில் இந்நாளில் நிலைமை எத்தன்மைத்தெனின், செங்கற்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எசமானர் மாநில அரசினர். அதனை அடுத்த திருமணியில் 1955 முதல் நடைபெறும் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு எசமானர் மத்திய அரசினர். கடற்கரையில் கல்பாக்கத்து ஆஸ்பத்திரி அணுசக்தித் துறையினது. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் வலையிழுப்பவன் எதற்கு யாரைக் கேட்பது?

வைத்தியசாலையின் பயனைப் பொதுவில் வைக்கவேண்டும் என்னும் கருத்து மேனாட்டிலும் எளிதாக ஏற்கப்பட்டதன்று. 1863-ல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஆஸ்பத்திரிகள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க கணக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லையே என்று முறையிட்டார். அவரினும் ஒருபடி சென்றவர் அமெரிக்காவிற் பாஸ்டன் நகரத்து ரணவைத்தியர் எர்னஸ்ட் காட்மன். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்துத் தேடிப்பிடித்து, குணமாயிற்றா, ஆகாவிடின் பிழை யாருடையது என்று எழுதி வெளியிடவேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் வேலைசெய்த பெரிய ஆஸ்பத்திரி அதற்கு இசையாமையால் 1914-ல் வேலையை விட்டார். தாம் நடத்திய சிறு ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை சிகிச்சைபெற்றுச் சென்ற 337 பேர் விவரத்தையும், அவர்கள் சிகிச்சையில் தாம் கண்ட 123 பிழைகளையும் தம் கைப்பணத்தால் அச்சிட்டு உலகுக்குக் கொடுத்தார். தொழிலாளர் தம் பிழையைத் தாமே அச்சிடுவது எத்துணை அரிதென்பதைக் கத்தியும் கத்தரியும் பிடித்த நம்மினும் நன்கறிவார் யார்? ஒரு வெட்டுக்காயம் பட்டாலே வாடிக்கைக்காரர் கண்ணிற் படாமற் படிகாரக் கல்லைத் தேய்த்துவிடுகிறோமன்றோ! காட்மன் பதவிகளை இழந்தார். நண்பர் பலரையும் இழந்தார். அவர் காலமானது 1940-ல். அவர் கூறியது சரி என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது அதற்கு நெடுநாட் பின்னர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நம் மாகாணத்தாரைக் குறைகூறுதல் மட்டும் நம் நோக்கமன்று. இரு நற்செயல்களை முதலிற் கூறவேண்டும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டு அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கியது. மருந்துகளை ஒரே இடத்தில் ஏலங்கோரி வாங்கி, தொகுதி தொகுதியாகப் பரீட்சை செய்வித்து, மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பது அதன் முறை. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. ஆண்டுக்கு உனக்கு இவ்வளவு பெறுமானமுள்ள மருந்து உரியது என்று அதில் முதலிலேயே எழுதிவிடுவர்; மருந்து எடுக்க எடுக்க மீதி குறைந்துவரும். திருமுக்கூடற் கல்வெட்டின் மருந்து வரிசையைப் படித்தவர்க்கு இப்பாஸ்புத்தகம் பழைய நண்பனைக் கண்டாற்போலத் தோன்றும். வேற்றுமை என்னவெனின், கல் வெளிச்சுவரில் நின்றது. புத்தகம் அலமாரியில் இருக்கின்றது.

இரண்டாவது, பிள்ளைப்பேற்றில் இறக்கும் தாய்மார் கணக்கு. மருத்துவச்சியர் குலத்திற் பிறந்த நாம் இதனை விரிவாகக் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். தாய் ஒருத்தி பேறுகாலத்தில் இறந்தால், அது விதி என்று விடாது, எங்கே எக்குறையால் இறந்தாள் என்று விசாரிக்கும் முறையை இந்தியாவில் முந்தித் தொடங்கிய மாகாணங்களுள் தமிழ்நாடு ஒன்று. வலி கண்டது எப்பொழுது, வண்டி கிடைத்தது எப்பொழுது, முதற்போன இடத்தில் டாக்டர் இருந்தாரா, இரத்தம் இருந்ததா, எத்தனை இடத்துக்கு மேலனுப்பினர் என்று வீட்டாரையும் ஆஸ்பத்திரியாரையும் கேட்டு எழுதுகின்றனர். 2010-ஆம் ஆண்டின் அகில இந்திய விதிமுறையின்படி, கலெக்டர் நடத்தும் விசாரணைக் கூட்டத்துக்கு இறந்தவளின் உறவினரும் அழைக்கப்படுதல் வேண்டும். மீனவன் ஒருவன் கலெக்டர் முன்னிலையில், பெரிய டாக்டர் கேட்டுக்கொண்டிருக்க, என் மனைவியை இத்தனை நாழிகை தாழ்வாரத்திற் கிடத்தினர் என்று கூற இடமுண்டாயிற்று என்பது சிறு செய்தியன்று. 2018 முதல் 2020 வரையுள்ள காலத்துக் கணக்கின்படி, பிள்ளைப்பேறு ஒரு லட்சத்துக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97 ஆக, தமிழ்நாட்டில் 54. ஆஸ்பத்திரிப் பேறும், கிராம நர்ஸுகளும், 2008-ல் தொடங்கிய 108 வண்டியும் இதற்குக் காரணங்களே. ஆனால் சாவைக் கணக்குக் கேட்டதும் ஒரு காரணம் என்று நாம் துணிந்து கூறுவோம்.

ஒரு தாயின் சாவுக்கு இருக்கும் இம்முறை மற்றைச் சாவுகள் பலவற்றுக்கு இல்லை. 2021 மே மாதம் 4-ஆம் நாள் இரவு, கொரோனாப் பெருநோயின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில மணி நேரத்துக்குள் நோயாளர் பலர் இறந்தனர். பதினொருவர் என்றும் பதின்மூவர் என்றும் பத்திரிகைகள் எழுதின. பிராணவாயுவின் அழுத்தம் குறைந்ததே காரணம் என்றனர் உறவினர். பிராணவாயுப் பற்றாக்குறையால் எவரும் இறக்கவில்லை என்றனர் அதிகாரிகள். சென்னை உயர்நீதிமன்றத்திலும் அச்செய்தி பேசப்பட்டது. எவர் கூற்று மெய் என்று தீர்ப்பளிக்க நாம் யார்? அவ்விரவு தூங்காது உழைத்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் குற்றவாளிகளாக்குவதும் நம் கருத்தன்று. நாம் கேட்பது ஒன்றே. அன்று மாலை கொள்கலத்தில் பிராணவாயு எவ்வளவு இருந்தது, மணிக்கு எவ்வளவு செலவாயிற்று, அடுத்த வண்டி எப்பொழுது வந்தது என்னும் மூன்று எண்கள் அன்றன்று ஆஸ்பத்திரி வாயிற்பலகையில் எழுதப்பட்டிருந்தால், உறவினர் ஒன்று கூற அதிகாரிகள் ஒன்று கூறும் நிலை வந்திருக்குமா? ஓர் இரவுக்கு ஓர் ஆழாக்கு எண்ணெய் என்று விளக்கெரிந்த செலவைச் சுவரில் வெட்டிய நாட்டில், பிராணவாயுவின் அளவு ஒருவர்க்கும் தெரியாதாயிற்று.

சட்டம் போதாமையால் இக்குறை நேரவில்லை. தகவலறியும் உரிமைக்கு 1997-லேயே இம்மாகாணம் ஒரு சட்டம் செய்தது. 2005-ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, எவரும் கேளாமலே ஒவ்வோர் அலுவலகமும் தன் வரவு செலவு விவரத்தை வெளியிடவேண்டும் என்கின்றது. அதே ஆண்டிற் தொடங்கிய தேசிய ஊரக நலத்திட்டத்தின்கீழ் ஆஸ்பத்திரிதோறும் நோயாளர் நலச்சங்கம் ஒன்று ஏற்பட்டது. அத்திட்டம் வகுத்தபடி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு நலச்சங்க நிதி ஒரு லட்சம் ரூபாய், பராமரிப்புக்கு 50,000, தன் விருப்பம்போற் செலவிட 25,000. இச்சங்கத்தில் ஊர்ப் பிரதிநிதிகளும் உறுப்பினர். நம் சங்க அங்கத்தினருட் பஞ்சாயத்துத் தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் இருந்தோர் சிலர் உளர். நலச்சங்கக் கூட்டத்துக்கு எத்தனை முறை சென்றீர் என்று அவர்களைக் கேட்டோம். கையெழுத்துக்கு நோட்டு வீட்டுக்கு வந்தது என்று ஒருவர் கூறினார். வெட்கத்துடனே கூறினார், அவரை நாம் பெயர்சுட்டோம்.

கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு நாமே சென்று பார்த்தோம். ஊர்ப்பெயர் வேண்டா. சுண்ணாம்படித்த சுவரில் அழகிய பெரிய பலகை ஒன்று இருந்தது. டாக்டர் பெயர், வேலை நேரம், கிடைக்கும் சிகிச்சைகள் ஆகியவை நன்றாக எழுதப்பட்டிருந்தன. 'நிதி வரவு', 'செலவு', 'இருப்பு' என்று மூன்று கட்டங்களும் பெயிண்டால் வரையப்பட்டிருந்தன. மூன்றும் வெறுமையாக இருந்தன. மழைநீர் வழிந்த கறையைப் பார்த்தால், வரைந்த நாள் முதல் அவற்றில் எதுவும் எழுதப்படவில்லை என்று தோன்றியது. அவ்வேளையில் இடுப்பிற் குழந்தையோடு நின்ற ஒரு தாய், இருமல் மருந்து முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வா என்கிறார்கள் என்றாள். அங்கிருந்து செங்கற்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றத்தின் வழியே பஸ்ஸிற் செல்லவேண்டும். அவள் அன்றைய கூலியை இழந்து வந்தவள்.

மருந்தாளுநர் நல்லவர். பாஸ்புத்தகத்தைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டபோது முதலில் தயங்கி, பின் எடுத்துக் காட்டினார். அவ்வாண்டுக்குரிய தொகையில் மீதி இருந்தது. அப்படியானால் மருந்து ஏன் முடிந்தது என்றோம். எடுத்துவர வண்டி வரவில்லை என்றார். பணம் இருந்தது, கிடங்கில் மருந்து இருந்தது, வண்டி இல்லை. குழந்தையின் இருமலுக்குக் காரணம் கூறும் மூன்றாம் எண் எந்த அறிக்கையிலும் ஏறாது என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

நம் அங்கத்தினர் நால்வர் அவ்வூரில் வாக்குரிமை உடையவர்கள். அவர்கள் அக்டோபர் 2-ஆம் நாட் கிராமசபையில் எழுந்து, நலச்சங்க நிதி சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று, மருந்தில்லாது திருப்பி அனுப்பப்பட்ட நாள்கள் எத்தனை என்று மூன்று கேள்விகள் கேட்டனர். சிறிது சலசலப்பு நேர்ந்தது. சாதிச் சங்கத்தாருக்கு ஆஸ்பத்திரிக் கணக்கு எதற்கு என்று ஒருவர் கூறவும் செய்தார். முதல் இரண்டு கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டனர். மூன்றாவதற்குப் பதிவேடு இல்லை என்று செயலாளர் கூற, பதிவேடு இல்லை என்பதையே எழுதுக என்று நம்மவர் வற்புறுத்தி எழுதுவித்தனர். மறுமொழி இன்னும் வரவில்லை. வந்தவுடன், வந்தபடியே, இவ்விதழில் அச்சிடுவோம்.